அக்கா வளர்த்த வெடக்கோழிகள்

மயிலம் ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காகப் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. விழுப்புரத்தில் காலேஜ் முடித்துத் திண்டிவனத்துக்குத் திரும்பும் சாயங்கால வண்டி. மூடி போட்ட மூங்கில் கூடையோடு ஒரு அம்மா ஏறி, என் காலடியில் அதை இறக்கி, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி நின்றிருந்ததால் பெட்டியில் சத்தமில்லை. கூடைக்குள்ளிருந்து கீச் கீச் என்று விடாமல் வந்தது.

"இன்னாம்மா, குஞ்சா?" என்றேன்.

"பின்ன, வெத்தலையா இப்படிக் கத்தும்?"

எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். நாளைக்குத் திண்டிவனத்தில் சந்தை, தங்கச்சி வீட்டில் ராத்தங்கி விடியற்காலையில் போக வேண்டும் என்றார் அவர். நாட்டுக்கோழிக் குஞ்சுகள். அடைவைத்த கோழியை நாய் கடித்துவிட்டதாம். தாயில்லாத குஞ்சை வீட்டில் வைத்துக்கொண்டு பேஜாரு தாங்கவில்லையாம்.

"ராவெல்லாம் கத்துமா?"

"கத்தும். ஒருத்தரையும் தூங்க வுடாது. ஏன் பாப்பா, உங்க ஊட்டுல யாரையாவது எழுப்பணுமா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம், எழுப்பத்தான் வேண்டியிருந்தது.

என் அக்கா அப்போது எங்கள் வீட்டின் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரசவத்துக்கு வந்தவள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அப்பாவும் மாமாவும், மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பெற்றவள் பார்க்கக் கூடாது, பார்த்தால் அடுத்தது தங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மாமா அன்றைக்கே ஊருக்குப் போனார். அதன்பிறகு போனில் விசாரித்ததோடு சரி. அப்பா லாரி ஓட்டுபவர், அவரும் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் அம்மாவும் இருந்தோம். அக்கா கொடுத்தால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்புவாள். தானாக எழுந்து எதையும் செய்வதில்லை. கோயிலுக்கு வரவில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தாள். நாள் போகப்போக, இவள் இனி இப்படியே இருந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வந்து, அதைப்பற்றிப் பேசிக்கொள்ளாமலேயே இருந்தோம்.

அந்த அம்மாவிடம் ஏழு குஞ்சுகள் வாங்கினேன். என் டிபன் பையில் துப்பட்டாவை விரித்து அதில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தாயில்லாத குஞ்ச யாருடி வளக்கிறது? நான் மில்லுக்குப் போவட்டா, இதுக்குப் பால் குடுக்கட்டா?" அம்மா மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கப் போகிறவள்.

அட்டைப்பெட்டியில் உமியைப் பரப்பி, மேலே ஒரு நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டு, நேராகக் கொண்டுபோய் அக்காவின் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். "இன்னாடி இது, தூக்கினு போ" என்றாள் அக்கா. அவ்வளவு நீளமாக அவள் பேசிப் பல நாளாகியிருந்தது. நான் தூக்கிக்கொண்டு போகவில்லை.

மறுநாள் காலேஜிலிருந்து வந்து பார்த்தால் பெட்டிக்குள் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டிருந்தது. ஒரு குஞ்சு தண்ணீரில் விழுந்து நனைந்து விறைத்துவிட்டதாம். அக்கா எடுத்துத் துடைத்து, நைட்டிக்குள் வைத்துச் சூடு கொடுத்திருக்கிறாள். "கிண்ணம் இவ்ளோ ஆழமா வெச்சா சாவாதா? எந்தக் காலேஜுல படிக்கிற நீ?" என்று திட்டினாள். நான் திட்டு வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவளை எழுப்புகிற வேலையைக் குஞ்சுகளே பார்த்துக்கொண்டன. நொய்யை ஊறவைப்பது, கேப்பையை வறுத்துப் பொடிப்பது எல்லாம் அவளே. குஞ்சுகளுக்குத் தீனியாகும் கரையானுக்குப் பானை வைத்ததும் அவள்தான். பழைய மண்பானையில் ஈரச்சாணியும் கிழிந்த சாக்கும் காய்ந்த ஓலையும் போட்டு, தண்ணீர் தெளித்து, புற்றுமண் இருக்கிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவைத்தால் மறுநாள் உள்ளே கரையான் ஏறியிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் அதைக் கவிழ்த்துவைக்க அக்கா வாசல் தாண்டி நடந்துபோனதை நான் சன்னலில் ஒளிந்து நின்று பார்த்தேன். பிரசவத்துக்கு அப்புறம் அவள் மேல் வெயில் பட்டது அன்றைக்குத்தான்.

ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒன்று சேவலாகிப் போனது, அதை எதிர்வீட்டு அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். மிச்சம் ஐந்தும் வெடக்கோழிகள். முட்டைக்கு இன்னும் வரவில்லை, ஆனால் கொண்டை இளஞ்சிவப்பாகத் துளிர்த்து, கால் நீண்டு, பெட்டிக்குள் அடங்காத பருவம். கட்டில்மேல் ஏறின, அலமாரிமேல் ஏறின, மாதா படத்துக்கு முன்னாலிருந்த மெழுகுவத்தியைத் தட்டிவிட்டன. அறை முழுக்க நாற்றம்.

"ஊடா இது, பண்ணையா?" என்றாள் அம்மா. "மழ வந்தா நாத்தம் இன்னும் தாங்காது. பின்னாடி நம்ம கோழிங்களோட வுட்டுருங்க."

அக்காவின் முகம் மாறியது. "அதுங்க கொத்தும்மா."

"கொத்தத்தான் செய்யும். கொத்தாம எந்தக் கோழி சேத்துக்குது?"

எங்கள் பின்கட்டில் அம்மாவின் கோழிகள் வருஷக்கணக்காக இருக்கின்றன. ஒரு சேவல், நாலைந்து பெட்டைகள். உடம்பெல்லாம் புள்ளி விழுந்த, சாதுவான பொரிக்கோழி ஒன்று. மற்றதையெல்லாம் ஆட்டிவைப்பது கழுத்து மொட்டைப் பெட்டை. பிறவியிலேயே கழுத்தில் மயிர் இல்லாத சாதி அது. முதலில் அது தின்னும், அது முடித்து நகர்ந்த பிறகுதான் மற்றவை வரும். சேவல்கூட அதன் கண்ணைப் பார்த்துத்தான் குனியும்.

எனக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு, புதிதாக ஒன்று நுழைந்தால் வரிசை கலைந்து மறுபடி அடுக்கப்படும் என்று எங்கள் விலங்கியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"இதுக்குப் புக்கு வேற போட்டிருக்கானா? நம்ம தெருக்குழாயாண்ட வந்து நின்னா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றாள்.

நான் விடவில்லை. பின்கட்டின் ஒரு மூலையைப் பழைய சன்னல் வலையால் தடுத்து, வெடைகளை அதற்குள் விட்டேன். பார்க்கலாம், கொத்த முடியாது. முதல் நாள் கழுத்து மொட்டை வலையின்மேல் பாய்ந்து பாய்ந்து விழுந்தது. அக்கா உள்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே காவல் காத்தாள். கொஞ்ச நாளில் பாய்ச்சல் குறைந்தது. வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் தீனி வைத்தேன். இரண்டு கூட்டமும் வலையோரம் நின்று தின்றன. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

அத்தை வந்து வேடிக்கை பார்ப்பாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. "இன்னாமா, பொண்ணு பாக்கிற படலமா? மாமியா ஊட்டுக்குப் போவுறதுக்குள்ள இவ்ளோ பந்தோபஸ்தா? புது மருமவ வந்தா மொத வாரம் கொத்தத்தான் கொத்துவாங்க, அப்புறம் தானா அடங்கும். இல்லன்னா பொறந்த ஊட்டுக்கு ஓடியாந்துரும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா முக்காலியில் இருப்பது அவளுக்கு உறைத்தது. "நான் கோழியத்தான் சொன்னேன்மா" என்றாள். அக்கா தலையைத் தூக்காமல் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வலையை எடுப்பது என்று முடிவான சாயங்காலம் அம்மா சொன்னாள்: "அடையாளம் கட்டாம வுடக்கூடாது."

எங்கள் தெருவில் கோழிகள் எல்லார் வீட்டுக்கும் போய் மேயும். அடையாளம் இல்லாத கோழி தெருவுக்குச் சொந்தம். அத்தை வீட்டுக் கோழிகளுக்கு ஒரு கால்நகம் நறுக்கியிருக்கும். கடைசி வீட்டில் பச்சை நூல். எங்கள் வீட்டுக்குச் சிவப்புத் துணி, றெக்கை முளைக்கிற இடத்தில் ஒரு முடிச்சு. அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் அதுதான். அவளுடைய கோழிகள் தாயின் கீழ் இருக்கும்போதே துணி கட்டப்பட்டவை. மழையிலும் மண்ணிலும் கிடந்து அந்தத் துணியெல்லாம் இப்போது காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்தது. அதைச் சிவப்பு என்று எங்கள் தெருவுக்குத் தெரியும், பார்த்தால் தெரியாது.

வீட்டில் சிவப்புத் துணி தேடினோம். பழசு ஒன்றும் அகப்படவில்லை. அக்கா எழுந்துபோய்த் தன் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்துவந்தாள். வளைகாப்பில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது. நல்ல இரத்தச் சிவப்பு, கடைப் பசை போகாத பளபளப்பு.

"அத ஏம்மா கிழிக்கிற?" என்றாள் அம்மா.

"இனிமே எதுக்கு?" என்று பல்லில் கடித்துக் கிழித்தாள் அக்கா. ஒவ்வொரு வெடையாக மடியில் வைத்து, றெக்கையைத் தூக்கி, இறுகாமல் முடிச்சுப் போட்டாள். அவள் கட்டி முடித்ததும் ஐந்தும் திருவிழாவுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தன. நான் சொன்னேன் அப்படி. அவள் சிரித்தாள்.

இருட்டுகிற நேரத்தில், அம்மாவின் கோழிகள் அடையும் கூண்டுக்குள் விட்டோம். இது அம்மாவின் முறை. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, ஒன்றாகத் தூங்கி ஒன்றாக முழித்தால் இது நேற்றும் இங்கேதான் இருந்தது என்று நினைத்துக்கொள்ளும் என்பாள். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், எனக்கும் அது சரியாகவே பட்டது. சத்தம் எதுவும் வரவில்லை.

காலையில் கூண்டைத் திறந்தது நான். எல்லாம் கலந்தே வெளியே வந்தன. கழுத்து மொட்டை ஒரு வெடையின் பின்னால் போய் அதன் துணி முனையைப் பிடித்து இழுத்தது. புழு என்று நினைக்கிறது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. வெடை உதறிக்கொண்டு ஓடியது, அது துரத்தியது. அன்று எனக்குப் பிராக்டிகல் பரீட்சை. அம்மாவுக்கும் மில்லில் லீவு இல்லை.

கிளம்பும்போது அக்கா கேட்டாள்: "ரொம்ப அடிச்சிக்கினா இன்னாடி பண்றது?"

"நடுவுல போவாத. போனா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கும். அதுங்களே முடிவு பண்ணிக்கும்" என்றேன். புத்தகத்தில் இருந்தது.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும், கண்டுக்காத" என்றாள் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

தெருவில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அத்தையும் சொன்னாள்: "கதவச் சாத்திக்கினு உள்ள இரு. பாத்தாதான மனசு கேக்காது."

மூன்று பேரும் ஒன்றையேதான் சொன்னோம். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

பரீட்சையில் எனக்குக் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள் வந்தன. நன்றாகவே செய்தேன். திரும்பும் வண்டியில் பக்கத்தில் இருந்த தோழிகளிடம் வலை, தீனி, வரிசை என்று என் கோழித் திட்டத்தையெல்லாம் கைகாட்டி விளக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா பின்கட்டில் முருங்கை மரத்தடியில் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிமெண்ட் பை. பைக்கு வெளியே மஞ்சள் கால் ஒன்று தெரிந்தது.

"ரெண்டு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

எதிர்வீட்டு அத்தை பக்கத்துச் சந்தில் வந்து மதில்மேல் எட்டிப் பார்த்து, "நாட்டுக்கோழியாச்சே, சூடு ஆறறதுக்குள்ள அறுத்திருந்தா கொழம்புக்காவது ஆயிருக்கும், வீணாப் போவுதே" என்றாள். அம்மா கடப்பாரையை நிறுத்தி அவளைப் பார்த்த பார்வையில் அத்தை தலையை இழுத்துக்கொண்டாள்.

நடந்ததை அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். அக்கா மத்தியானம் வரைக்கும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். சத்தமெல்லாம் கேட்டிருக்கிறது. நடுவில் போகாதே என்று சொன்னோமே. பிறகு சத்தம் வேறு மாதிரி ஆகி, அப்புறம் ஒரேயடியாக நின்றுபோனதும் திறந்திருக்கிறாள். துணியைப் பிடித்து இழுத்து இழுத்து றெக்கை மூட்டில் தோல் கிழிந்து, இரத்தம் வந்தபிறகு எல்லாக் கோழியும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பொரிக்கோழிகூட. இரண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தனவாம். முதுகும் பின்பக்கமும் தோல் பிய்ந்து கிடந்தனவாம். மற்ற இரண்டுக்குக் காயம். ஒன்றுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நைட்டியில் இரத்தம் காய்ந்திருந்தது. மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அசையவில்லை. அட்டைப்பெட்டி மறுபடி கட்டிலுக்குக் கீழே வந்திருந்தது. காயம்பட்ட இரண்டும் அதற்குள் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன.

கீறல்படாத வெடை பின்கட்டில் மற்றக் கோழிகளோடு மேய்ந்துகொண்டிருந்தது, ஒன்றும் நடக்காதது மாதிரி. கழுத்து மொட்டையிடமிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றாலும் யாரும் அதைத் துரத்தவில்லை. எனக்கு அது புரியவில்லை. பிடித்துப் பார்த்தேன். அதன் றெக்கையில் துணி இல்லை. முடிச்சு இரவிலேயே நழுவியிருக்க வேண்டும், கூண்டுக்குள் குச்சிக்கு அடியில் எச்சத்தோடு கிடந்தது. அதை எடுத்துக் குழாயில் கழுவினேன். ஈரத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது. வெறுந்தரையில் போட்டேன். கழுத்து மொட்டை தலையைச் சாய்த்துப் பார்த்து, தின்றுகொண்டிருந்த நொய்யை விட்டுவிட்டு ஓடிவந்து அதைக் கொத்தியது. சேவல் வந்து கொத்தியது. பொரி வந்தது. இரத்தம் என்று நினைக்கின்றன போலும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இது இல்லை. அம்மாவும் என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இத்தினி வருஷமா கட்டறேன்" என்றாள். குஞ்சாக இருக்கும்போதே கட்டுகிறவள் அவள். வளர்ந்த கோழிக்குப் புதுத்துணி கட்டி அவள் பின்கட்டில் விட்டதே இல்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் தலையாட்டிக்கொண்டோம். உள்ளே போனால், சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "என் துணியத்தான் கொத்துச்சிங்க. கதவுச் சந்துல பாத்தேன்."

ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. குஞ்சு வருவதற்கு முன் எப்படி இருந்தாளோ அப்படி. ஒரு வித்தியாசம், இப்போது கட்டிலுக்குக் கீழே சத்தம் கேட்டாலும் எழுந்திருக்கவில்லை. நான்தான் மருந்துக்கடையில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை வாங்கிவந்து தடவினேன். புண் ஆறும், சிவப்பும் மறையும். மாமா போன் செய்தார். அக்கா பேசவில்லை. "தூங்கிக்கினு இருக்காப்பா" என்று அம்மா பொய் சொன்னாள். வைத்துவிட்டு நேராகக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். "இந்தக் கழுத்து மொட்டைய இன்னிக்கி அறுத்துர்றேன்."

"வாணாம்மா." உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அதுக்கு இன்னா தெரியும்?"

அம்மா கத்தியைத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலம்தான் அக்கா என்னிடம் கேட்டாள்: "ரெண்டையும் எங்க பொதச்சீங்க?"

"முருங்க மரத்தாண்ட."

"காட்டு."

கைகொடுத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். நடை தள்ளாடியது. மண் கிளறிய இடத்தில் அம்மா ஒரு செங்கல்லை வைத்திருந்தாள், நாய் தோண்டாமல் இருக்க. அக்கா உட்கார்ந்து செங்கல்லைக் கொஞ்சம் நகர்த்தினாள், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள். அழுவாள் என்று நான் தயாராக நின்றேன். அழவில்லை.

"அத எனக்கு யாரும் காட்டலடி" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று எனக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். உள்ளே போகும்போது, "அப்பா எப்ப வர்றாரு?" என்று கேட்டாள். இந்த லோடு இறக்கியதும் வருவார் என்றேன். சரி என்று படுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம்தான்.

அவளை மறுபடி எழுப்ப என்னிடம் வேறு வழி எதுவும் இல்லை, அந்த மூன்று கோழிகளைத் தவிர. அடிபட்ட இரண்டும் தேறி வந்தன. கீறல்படாத ஒன்று வெளியே இருந்தது. இரண்டையும் எத்தனை நாளுக்குப் பெட்டியில் வைப்பது? மறுபடி விட்டுத்தான் ஆக வேண்டும். மறுபடி செத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அதனால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

காயம் ஆறத் தீனி வேண்டுமே என்று நேற்று நானே கரையான் பானை வைத்தேன். அக்கா வைத்த அதே இடம், அதே பானை. இன்று காலையில் புரட்டினால் காய்ந்த சாக்கும் இரண்டு எறும்பும் இருந்தன. பானையை உள்ளே கொண்டுவந்து, "இதுல ஒண்ணுமே ஏறலயே" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

நான் பானையைக் கழுவப் போனேன்.

"சாணி காஞ்சிதா?"

"ஆமா."

"காஞ்ச சாணிக்கு யாருடி வருவா? சாக்க நனைச்சிப் புழிஞ்சி போட்டியா? மேல மண்ணு அணைச்சியா?"

இரண்டையும் செய்யவில்லை என்றேன்.

"படிச்ச பொண்ணு" என்றாள். திரும்பிப் படுத்திருந்தாள், சுவரை விட்டு என் பக்கமாக. "எப்ப வுடப் போற?" என்றாள்.

அதனால் நாளைக்குத்தான். அம்மா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டாள். நான் காலேஜுக்குப் போகவில்லை. பழைய கோழிகளின் துணியெல்லாம் இன்று மத்தியானமே அவிழ்த்தாயிற்று. இனி எங்கள் வீட்டு அடையாளம் சட்டைக்குப் போடும் நீலம், பழசு புதுசு எல்லாவற்றுக்கும் றெக்கையில் ஒரே மாதிரி ஒரு தீற்று. தெருவுக்கு அம்மா சொல்லிவிட்டாள். அத்தை, "நாளைக்கு மயிலாக்கிருவீங்க" என்றாள்.

இந்தத் தடவை மூலையில் வலைக்குள் இருக்கப்போவது கழுத்து மொட்டை. மற்றப் பழையவை கூண்டுக்குள்ளேயே இருக்க, முதலில் வெடைகள் மூன்றும் காலியான பின்கட்டில் மேயட்டும், இடம் அவற்றுக்குப் பழகட்டும். அப்புறம் பொரிக்கோழியை மட்டும் விடுவோம். அது கொத்தத் தலையைத் தூக்கினால் உடனே பிடித்துவிடுவோம், நடுவில் போகாதே என்கிற பேச்சே கிடையாது. தாங்கினால் அடுத்தது ஒன்று. சேவல் கடைசியில். கழுத்து மொட்டையை எப்போது விடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கூண்டைத் திறக்க அக்கா வருவாளா என்றும் தெரியவில்லை. பின்கட்டில் முக்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். பின்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முருங்கை மரத்தடியில் இருந்த செங்கல்லை எடுக்கப் போனேன். பிறகு அது வேண்டாம் என்று, வேறு கல்லைத் தேடி எடுத்து முட்டுக்கொடுத்திருக்கிறேன்.